நாற்பத்தெட்டு மீட்டர்

நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு செக்கன்.
மார்கழியிலிருந்து அதை வைத்திருந்தேன்,
சம்பளத் தாளை மடித்து வைத்ததுபோல,
அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டு.

கண்டிக் கல்லூரி கேட்டது நான்கு ஐம்பத்தெட்டு.
பெண்கள், ஆயிரத்தைந்நூறு மீட்டர், அணித் தெரிவு.
ஆறு செக்கன் எனக்கு மிச்சம்.
ஆறு செக்கனில் என்ன செய்யலாம் என்று
கொழுந்து லொறிக்குப் பின்னால் நடக்கும்போது யோசிப்பேன்:
சப்பாத்து நாடா ஒன்றைக் கட்டலாம்.
இரண்டு தரம் தும்மலாம்.
திரும்பிப் பார்த்து, யாரும் இல்லை என்று சிரிக்கலாம்.

ஓடியது தோட்டத்து ரோட்டில்,
நிறுவை மடுவத்தில் தொடங்கி
மாடசாமி கோயில் வளைவு மட்டும்.
ஜெனிஸ்டன் மாமா மோட்டார் சைக்கிளில் அளந்து தந்த தூரம்,
ஒன்றரை கிலோமீட்டர் விழுந்ததாம் முள்ளில்.
வளைவில் கைபேசியோடு நின்றவள் மிதுனா,
விறைத்த விரலை ஊதி ஊதி.

தை மாதம்
கவ்வாத்து மலை அளக்க வந்த முப்பது மீட்டர் நாடா
ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடந்தது.
இருநூறு மீட்டருக்கு ஒரு கல் வைக்கத்தான் இரவல் கேட்டேன்.
கல் வைத்துக்கொண்டே போனோம்,
நான் ஒரு முனை, அவள் ஒரு முனை,
நடுவில் அட்டை ஏறிய கால்களைத் தட்டிக்கொண்டு.

நாற்பத்தெட்டு நாடா. பிறகு பன்னிரண்டு மீட்டர்.
கோயில் மணி தலைக்கு மேல் வந்துவிட்டது.

திரும்பவும் அளந்தோம், கீழ்நோக்கி.
ரோடு ஓரங்குலமும் நீளவில்லை.
ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு.
நாடாவும் நாற்பத்தெட்டு, குறைவும் நாற்பத்தெட்டு.

"யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் மிதுனா.
கோயில் வளைவு கண்டி மைதானத்தில் இல்லையே,
மூன்றே முக்கால் சுற்றும் சுற்றத்தான் வேணும் என்றேன்.
அவள் நாடாவைச் சுருட்டினாள், ஈரம் துடைக்காமல்.

கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
ஐந்து நிமிடம் ஒன்று தசம் ஏழு.
ரோடு ஏறுகிறதே, அதற்கு எவ்வளவு கழிக்கலாம்?
காலைப் பனிக்கு? மாட்டு வண்டிக்கு ஒதுங்கிய இடத்துக்கு?
படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

வத்சலா மிஸ்ஸுக்கு அனுப்பினேன்:
தூரம் பிழை. நேரத்தைத் திருத்துகிறேன்.
ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை.
பிறகு வந்தது: சரி. இருபத்தோராம் திகதி வந்து ஓடு.
ஸ்பைக் இருக்கா?

இல்லை.

ஹட்டனில் முதல் பஸ்.
கண்டியில் காற்று தடிப்பு,
ஒரு மூச்சு கேட்டால் ஒன்றரை கிடைத்தது.
மூன்றாம் சுற்றில் என் நெஞ்சுக்கு
ஏற்றம் எங்கே என்று தேட்டம்.
ஏற்றம் வரவேயில்லை.
இவ்வளவு தட்டையான இடத்தில்
எதைத் திட்டிக்கொண்டு ஓடுவது?

நான்கு ஐம்பத்தொன்பது தசம் மூன்று.

பெயர்ப் பட்டியலில் எட்டாவது நான்.
ஏழின் கீழே ஒரு கோடு,
அடிமட்டம் வைத்து அடித்த கோடு.
என் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால்: ஐப்பசியில் மீண்டும்.

கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் முனகியபோது
ஒன்று தசம் மூன்று செக்கனை மீட்டராக்கிப் பார்த்தேன்.
ஆறரை.
மிதுனாவின் நாடாவில் கால்வாசியும் இல்லை.
அழ இருந்தேன், பக்கத்து சீட்டுக்காரர்
கடலைச் சுருளை நீட்டிவிட்டார்.

இப்போது வளைவு தாண்டியும் ஓடுகிறேன்.
திருவிழாவுக்குக் கரைத்து மிஞ்சிய சுண்ணாம்பில்
புதுக் கோடு போட்டிருக்கிறோம்,
யோகமலர் அக்கா வீட்டுக் கொடிக்கு நேரே.
அவர் சேவலுக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை.

ஐந்தரை மணிப் பனியில் கோடு தெரியாது.
"கொடியில சிவப்புத் துவாய் கிடக்கும்,
அதைப் பார்த்து வா" என்கிறாள் மிதுனா.
காயவைத்து ஒரு கிழமையாகிறது.
இந்த மாதத்தில் இங்கே துவாய் காயாது,
எடுக்கவும் மாட்டார்கள்.